“அவுக வந்தாச்சா?” – ஆவிக்குரிய வளர்ச்சி பற்றிக் கேட்ட ஒரு சகோதரருக்கு

கேள்வி: எனக்கு 44 வயது. கூட்டுறவு வங்கியில் காசாளர். 19 வருடத்துக்கு முன்னால் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். பாடகர் குழுவிலும் சபைக் கமிட்டியிலும் இருக்கிறேன், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை நடத்துவதும் நான்தான். வேதாகமம் முழுவதையும் ஏழு தடவை வாசித்து முடித்திருக்கிறேன். அம்மாவுக்கு 78 வயது, எங்களோடு இருக்கிறார். இரண்டு வருடமாக ஞாபகம் குறைந்துகொண்டே வருகிறது. அப்பா இறந்து 11 வருடம் ஆகிறது, ஆனாலும் சாயங்காலம் ஆனால் போதும், “அவுக வந்தாச்சா?” என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். போன மாதம் ஒரு நாள் ஐந்தாவது தடவையாகக் கேட்டபோது, “செத்துப் போயாச்சு, எத்தனை தடவை சொல்றது” என்று கத்தி, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். பத்தாவது படிக்கும் என் மகள் அன்று ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு வரவில்லை. கூப்பிட்டதற்கு, “ஜெபம் பண்ணும்போது மட்டும் உங்க குரல் மாறிடுதுப்பா” என்றாள். அன்றிலிருந்து ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. இத்தனை வருடத்தில் நான் வளரவே இல்லையா? கமிட்டி, பாடகர் குழு எல்லாவற்றையும் விட்டுவிடலாமா? நண்பர் ஒருவர், உன்னிடம் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இல்லை, 40 நாள் உபவாசம் இருந்துவிட்டு எங்கள் சபைக்கு வந்துவிடு என்கிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு சகோதரர், திருநெல்வேலி மாவட்டம்

அன்புள்ள சகோதரருக்கு,

நீங்கள் கேட்டதற்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். 40 நாள் உபவாசம் இப்போது வேண்டாம். இந்தக் காரணத்துக்காகச் சபை மாற வேண்டாம். கமிட்டியா பாடகர் குழுவா, ஏதோ ஒன்றை விடத்தான் வேண்டும், ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் கோபம் இல்லை. வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிற எத்தனையோ பேர் இதே மாதிரி கத்திவிட்டு என் எதிரில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். மகள் சொன்ன அந்த ஒரு வரிதான் என்னை விடவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை அப்பாவிடம் அப்படி ஒன்றைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும், அதைவிட, அப்பா இதைக் கேட்டுக்கொள்வார் என்ற நம்பிக்கை எங்கேயோ மிச்சம் இருந்திருக்க வேண்டும். கேட்கமாட்டார் என்று முடிவு கட்டிவிட்ட பிள்ளைகள் இதைச் சொல்வதில்லை, தலைவலி என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். நீங்களும் அவளை அடக்காமல், அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். வளரவே இல்லையா என்று கேட்கிறீர்களே, வளராதவர் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டார். மகளைப் பற்றிப் புகார் எழுதியிருப்பார்.

சரி, உங்கள் நண்பர் சொன்ன விஷயத்துக்கு வருவோம். அபிஷேகம் இல்லாததால்தான் கோபம் வருகிறது என்கிறார். அவருக்கு உங்கள் மேல் அக்கறை இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கொரிந்து சபைக்குப் பவுல் அப்போஸ்தலன் எழுதியதை அவர் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும். முதல் நிருபத்தின் ஆரம்பத்திலேயே, 1:7-இல், நீங்கள் ஒரு வரத்திலும் குறைவுபடவில்லை என்று பவுல் அவர்களுக்கு எழுதுகிறார். அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், குணமாக்கும் வரம், அறிவு, எல்லாமே அங்கே இருந்தது. அதே ஆட்களைப் பார்த்து இரண்டு அதிகாரம் தள்ளி, உங்களை ஆவிக்குரியவர்கள் என்று எண்ணிப் பேச முடியவில்லை, ‘கிறிஸ்துவுக்குள் குழந்தைகள்’ என்று எண்ணித்தான் பேச வேண்டியிருந்தது என்கிறார். காரணம் என்ன? பொறாமை, வாக்குவாதம், பிரிவினை. வரங்கள் நிரம்பி வழிந்த சபை, ஆனால் ஒருவரோடு ஒருவர் இருக்கத் தெரியாத சபை. அந்த வாக்குவாதம் பவுலுக்கு எப்படித் தெரியவந்தது தெரியுமா? குலோவேயாளின் வீட்டார் சொல்லித்தான். மேடையிலிருந்து யாரும் சொல்லவில்லை, ஒரு வீட்டு ஆட்கள் சொன்னார்கள். உங்கள் விஷயத்திலும் வீட்டிலிருந்துதான் செய்தி வந்திருக்கிறது.

வரங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, விரும்புங்கள் என்றுதான் பவுலும் எழுதுகிறார். வரம் ஒரு நாளில் கிடைக்கலாம். ஆனால் கலாத்தியர் 5-இல் வருகிற அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை என்ற வரிசைக்குக் கனி என்று பெயர். நம் பக்கத்தில் மாங்கன்று வைத்தவர்களைக் கேட்டால் தெரியும், நட்ட மறுமாதம் யாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார்கள்.

இந்த வளர்ச்சிக்கு நம் பழைய தமிழ் வேதாகமம் ஒரு சொல் வைத்திருக்கிறது, ‘தேறினவன்’. எந்த மனுஷனையும் கிறிஸ்து இயேசுவுக்குள் தேறினவனாக நிறுத்த வேண்டும் என்று கொலோசெயர் 1:28-இல் வருகிறது. மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு முழுமையடைந்த, வளர்ந்து ஆளான என்று பொருள். முதிர்ந்தவன் என்று போட்டிருக்கலாம், பூரணமானவன் என்றும் போட்டிருக்கலாம், சில இடங்களில் பூரணம் என்றே போட்டும் இருக்கிறார்கள். இங்கே தேறினவன் என்று போட்டதற்காக அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். ஏனென்றால் நமக்குத் தேறுவது என்றால் பரீட்சையில் தேறுவது மட்டும் இல்லையே. காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு, “இப்பத்தான் உடம்பு கொஞ்சம் தேறியிருக்கு” என்கிறோம். துக்க வீட்டில், “மனசைத் தேத்திக்கோ” என்கிறோம். யோவான் 14-இல் ஆண்டவர் தம் சீஷர்களுக்கு வாக்குக் கொடுக்கும் ஆவியானவருக்குத் தேற்றரவாளன் என்று பெயர், அதுவும் இதே வேரிலிருந்து வந்த சொல்தான்.

நீங்கள் இதுவரை அந்த முதல் அர்த்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏழு தடவை வாசிப்பு, வாராவாரம் உபவாசம், கமிட்டி, எல்லாவற்றுக்கும் ஒரு மதிப்பெண். போன மாதம் தட்டு தள்ளப்பட்டதும் மொத்தமாகத் தோற்றுப்போனேன் என்று எழுதிவிட்டீர்கள். ஆனால் நோயாளி தேறுவதைப் பாருங்கள். இன்றைக்கு எழுந்து உட்காருவார், நாளைக்கு மறுபடி காய்ச்சல் அடிக்கும், மூன்றாம் நாள் கொஞ்சம் கஞ்சி குடிப்பார். நடுவில் ஒரு நாள் காய்ச்சல் வந்ததால் குணமாகவே இல்லை என்று மருத்துவர் கையை விரிப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேற்றாங்கொட்டை பார்த்திருப்பீர்கள், தேத்தாங்கொட்டை என்போம். எங்கள் ஆச்சி வீட்டில் மழைக்காலத்தில் குளத்துத் தண்ணீர் செம்மண் கலங்கலாக வரும். மண்பானையின் உள்பக்கம் இந்தக் கொட்டையை நன்றாக உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைத்தால் கொஞ்ச நேரத்தில் அழுக்கெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும், மேலே கண்ணாடி மாதிரி தண்ணீர். தண்ணீரைத் தேற்றுகிறது, அதனால்தான் அந்தப் பெயர். சின்ன வயதில் எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. இப்போது யோசித்தால் வேறு ஒன்று கண்ணில் படுகிறது. அந்த அழுக்கு எங்கேயும் போய்விடவில்லை, அதே பானையின் அடியில்தான் கிடக்கிறது. பானையை வேகமாக ஆட்டினால் மறுபடி மேலே வரும். ஆச்சி அதனால்தான் பானையைத் தொடவிடமாட்டாள், மேலாக மொண்டுகொள் என்பாள். 19 வருடத்துக்குப் பிறகும் உங்களுக்குள் இந்தக் கோபம் கிடந்ததைப் பார்த்து அதிர்ந்துபோனீர்கள். கிடக்கத்தான் செய்யும். இந்த உலகத்தில் இருக்கும்வரை கொஞ்சம் கிடக்கும் என்றுதான் நான் வேதத்திலிருந்து புரிந்துகொண்டிருக்கிறேன். முழுப் பரிசுத்தம் இங்கேயே கிடைத்துவிடும் என்று போதிக்கிற நல்ல தேவபிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, ஆனால் பவுலே பிலிப்பியர் 3:12-இல் முற்றும் தேறினவனானேன் என்று எண்ணாமல் ஆசையாய்த் தொடருகிறேன் என்றுதானே எழுதுகிறார், அதுவும் ஊழியத்தில் பல வருடம் அடிபட்டுச் சிறைக்குள் இருந்துகொண்டு.

ஆனால் இதை வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் இருப்பதுதானே என்று உட்கார்ந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் ஜான் நியூட்டன் கதையை உங்களுக்குச் சொல்ல நினைக்கிறேன். நம் சபைகளில் இவர் கதையைப் பாதியில் நிறுத்திவிடுவது வழக்கம். அடிமைக் கப்பலில் வேலை செய்தார், 1748-இல் கடலில் பெரும் புயலில் சிக்கிக் கடவுளைக் கூப்பிட்டார், மனம் திரும்பினார், ஆச்சரியமான கிருபையைப் பற்றி அந்தப் பெயர்பெற்ற பாட்டை எழுதினார், அல்லேலூயா. நடந்தது அவ்வளவு நேராக இல்லை. அந்தப் புயலுக்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவனாகவே ஆனார். 1750-லிருந்து 1754 வரை மூன்று பயணம். ஞாயிற்றுக்கிழமை கப்பலிலேயே மாலுமிகளைக் கூட்டி ஜெபம் நடத்தியிருக்கிறார், மேல்தளத்தில் ஆராதனை, கீழே சங்கிலியில் மனிதர்கள். 1754-இல் அவர் கடலை விட்டதுகூட உடம்புக்கு முடியாமல் போனதால்தான், மனச்சாட்சி குத்தியதால் இல்லை. பிறகு 1764-இல் குருவானவர் ஆனார். அடிமை வியாபாரம் பாவம் என்று வெளிப்படையாகத் தன் பெயரில் அவர் எழுதி அச்சிட்டது 1788-இல். என் நெஞ்சு இப்போது நடுங்குகிற ஒரு தொழிலில் நானே முனைந்து நின்றேன் என்பது எனக்கு என்றைக்கும் தலைகுனிவுதான் என்ற கருத்தில் அதில் எழுதினார். கணக்குப் போட்டுப் பாருங்கள், புயலிலிருந்து அந்த எழுத்து வரை 40 வருடம்.

இதைக் கேட்டு எனக்குக் கோபமும் வருகிறது, பயமும் வருகிறது. அந்த 40 வருடத்துக்கு விலை கொடுத்தது நியூட்டன் இல்லை, கீழ்த்தளத்தில் கிடந்தவர்கள். அவர் ஜெபம் பொய் ஜெபம் என்று நான் சொல்லமாட்டேன். உண்மையாகவே ஜெபித்தார், ஆனால் அவர் கண் அந்தத் தளத்துக்கு இறங்கவில்லை. ஜெபமும் குருட்டுத்தனமும் ஒரே மனிதனுக்குள் பல வருடம் ஒன்றாகக் குடியிருக்க முடியும். எபிரெயர் 5:14 இதைத்தான் சொல்கிறது, பலமான ஆகாரம் யாருக்கு என்றால், நன்மை தீமை இன்னதென்று பயிற்சியினால் பகுத்தறிகிற பூரண வயதுள்ளவர்களுக்கு. பயிற்சியினால், கவனியுங்கள். அங்கே மூலத்தில் இருப்பது மல்லர்களும் ஓட்டக்காரர்களும் உடம்பைப் பழக்குவதற்குச் சொல்லும் சொல். தன்னால் பாதிக்கப்படுகிறவரைப் பார்க்கக் கண்ணைப் பழக்க வேண்டும், தானாக வராது.

அதனால் நானும் உங்கள் கடிதத்தில் ஒருவரைத் தேடினேன். உங்கள் மனைவியை. அம்மா, அப்பா, மகள், நண்பர் எல்லாரும் வருகிறார்கள், மனைவி பற்றி ஒரு வரி இல்லை. அம்மா ‘எங்களோடு’ இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு சொல்லுக்குள்தான் அவர் இருக்கிறார். நீங்கள் வங்கியில் இருக்கும் நேரத்தில் அம்மா கேட்கும் கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்? குளிப்பாட்டுவது யார், ராத்திரி எழுந்து கழிப்பறைக்குக் கூட்டிப்போவது யார்? நீங்கள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், இன்னொரு நாள் பாட்டுப் பயிற்சி, மாதத்தில் கமிட்டிக் கூட்டம் என்று போகிற சாயங்காலங்களில் அந்த வீட்டில் யார் தனியாக நிற்கிறார்? நான் நினைப்பது தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். தப்பாக இல்லை என்றால், தள்ளிவிட்ட தட்டைவிட இது பெரிய விஷயம்.

40 நாள் உபவாசம் வேண்டாம் என்றேனே, அதற்குக் காரணமும் இதுதான். ஏசாயா 58-ஐ இன்றைக்கு உட்கார்ந்து வாசியுங்கள். உபவாசம் இருக்கிறோமே, ஏன் பார்க்கவில்லை என்று ஜனங்கள் கேட்கிறார்கள். தமக்கு உகந்த உபவாசம் எது என்று கர்த்தர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, ஏழாம் வசனத்தை ‘உன் மாம்சமானவனுக்கு உன்னை ஒளிக்காமலிருக்கிறது’ என்பதில் முடிக்கிறார். சொந்த இரத்தத்துக்கு ஒளிந்துகொள்ளாமல் இருப்பது. நாம் ஒளிந்துகொள்ள ஆயிரம் இடம் இருக்கிறது, அதில் யாரும் கேள்வி கேட்காத இடம் ஜெபக்கூட்டம். மாற்கு 7-இல் கொர்பான் என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கைக் கணக்கில் எழுதினவர்களை ஆண்டவர் எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பதும் உங்களுக்குத் தெரியும், ஏழு தடவை வாசித்திருக்கிறீர்கள்.

இப்போது கமிட்டிக்கு வருகிறேன். பாவி என்பதால் பாடகர் குழுவை விட வேண்டாம். பாடுங்கள், பாட்டு உங்களைத் தேற்றும். கமிட்டியை விட்டுவிடுங்கள், இந்த வருடம் மட்டுமாவது. உபவாச ஜெபத்தை நடத்துவதையும் வேறொருவரிடம் கொடுங்கள், அது உங்கள் மனைவி போகிற வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும். கிடைக்கிற அந்தச் சாயங்காலங்களில் அம்மாவோடு நீங்கள் இருங்கள். மனைவிக்கு உதவி செய்கிறேன் என்ற நினைப்பு வேண்டாம், உங்கள் அம்மா, உங்கள் பங்கு. பூரண வயதுக்கான பயிற்சிக் களத்தை ஆண்டவர் உங்கள் வீட்டு உள்ளறையிலேயே போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று நான் நினைக்கிறேன்.

மன்னிப்பு கேட்டீர்களா? கடிதத்தில் இல்லை. நான் போதகராக இருந்த காலத்தில் ஒரு ஞாயிறு காலை மைக் வேலை செய்யவில்லை என்று கோயில் பணியாளர் மேல் எல்லார் முன்னாலும் சீறிவிட்டு, அரை மணி நேரத்தில் பிரசங்க பீடத்தில் ஏறி நீடியபொறுமையைப் பற்றிப் பேசினேன். நன்றாக இருந்தது ஐயா என்று கை கொடுத்தார்கள். அந்தப் பணியாளர் மூலையில் நின்று மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் மன்னிப்பு கேட்க எனக்கு வியாழக்கிழமை ஆகிவிட்டது. சீறியதைவிட அந்த நாலு நாள்தான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அதற்குப் பிறகு என்னை நான் ஒரே ஒரு விதத்தில்தான் பார்த்துக்கொள்கிறேன், விழுந்த இடத்துக்கும் திரும்பிப் போன நேரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? நாலு நாள் ஒரு நாள் ஆகியிருக்கிறது, சில சமயம் ஒரு மணி நேரம், இன்னும் சில சமயம் மறுபடியும் நாலு நாள். உங்களுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. பரவாயில்லை, இன்றைக்குப் போங்கள்.

அம்மாவுக்கு அது ஞாபகமே இருக்காதே, எதற்கு மன்னிப்பு என்று நீங்கள் கேட்கலாம். நடந்தது மறந்துபோனாலும் அன்றைக்கு ஏற்பட்ட பயம் அவர்கள் மனதில் தங்கிவிடுவது உண்டு, ஏன் பயப்படுகிறோம் என்று தெரியாமலேயே பயப்படுவார்கள். கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். மகள் இருக்கும்போது சொல்லுங்கள். அவள் பார்க்க வேண்டும் என்பதற்காகக் குரலை மாற்றிவிடாமல் சொல்லுங்கள், அந்தப் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும். அப்புறம் அவளிடம் தனியாக, நீ சொன்னது சரிதான் என்று ஒரு வரி. குடும்ப ஜெபத்துக்கு வா என்று அதோடு சேர்த்துக் கேட்காதீர்கள். வரும்போது வரட்டும்.

ஜெபம் வரவில்லை என்றீர்கள். அதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. பழைய குரல் போய்விட்டது, புதுக் குரல் இன்னும் வரவில்லை, நடுவில் மௌனமாகத்தான் இருக்கும். சொந்த வார்த்தை வராத நாட்களுக்காகத்தான் 150 சங்கீதம் இருக்கிறது. 42-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ‘என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?’ கலங்கின தண்ணீரின் கேள்வி அது. 88-ஐயும் வாசியுங்கள், கடைசி வரி வரை இருட்டாகவே முடிகிற சங்கீதம், அதையும் எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். சத்தமில்லாமல் வாசித்துவிட்டு எழுந்துவிடுங்கள், போதும்.

அடுத்து, உடம்பு. காசாளர் வேலை எனக்குக் கொஞ்சம் தெரியும், என் மைத்துனர் பல வருடம் அந்த இருக்கையில் இருந்தவர். சாயங்காலம் கணக்கு நேராகவில்லை என்றால் அது கிடைக்கும்வரை வீட்டுக்கு வர முடியாது, வரும்போது பசியும் தலைவலியும் சேர்ந்திருக்கும். அந்த நேரத்தில்தான் அம்மாவுக்கும் குழப்பம் கூடுகிறது. ஞாபக மறதி நோயில் பொழுது சாய்கிற நேரத்தில் குழப்பம் அதிகமாவது சகஜம், உங்களைச் சோதிக்க அவர் அதைச் செய்யவில்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்தபோது தேவதூதன் வந்து முதலில் போதகம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நீங்களும் வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவி ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிடம் கழித்து அம்மா அறைக்குள் போங்கள். இருட்டும் முன்பே அந்த அறையில் விளக்கைப் போடச் சொல்லுங்கள். இன்னும் மருத்துவரிடம் காட்டவில்லை என்றால் இந்த மாதமே காட்டுங்கள், நரம்பியல் மருத்துவரோ மனநல மருத்துவரோ. தைராய்டு குறைவாலும் வைட்டமின் பி12 குறைவாலும்கூட ஞாபகம் கெடலாம், இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு. ஜெபத்தில் குணமாகட்டும் என்று இரண்டு வருடம் காத்திருந்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

ஒரே ஒரு நண்பரையும் தேடிக்கொள்ளுங்கள். சபை மாறச் சொன்னவராகவேகூட இருக்கலாம், அவர் உங்களைத் திருத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தால். 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஊரில் மெதடிஸ்டு சபையார் ஜெபவீட்டுக் கடனை அடைக்க, ஏறக்குறைய 12 பேருக்கு ஒரு தலைவர் என்று பிரித்து, வாரம் ஒரு பென்னி வசூலிக்கக் கிளம்பினார்கள். வீடு வீடாகப் போனபோதுதான் யார் வீட்டில் குடி, யார் வீட்டில் சண்டை என்று தெரிந்தது. வசூலுக்கு வைத்த ஏற்பாடு ஒருவர் ஆத்துமாவை ஒருவர் விசாரிக்கிற ஏற்பாடாக மாறிவிட்டது. உங்களுக்கு 12 பேர் வேண்டாம். வாரம் ஒரு தடவை டீக்கடையில் உட்கார்ந்து, “இந்த வாரம் வீட்டில் எப்படி?” என்று மட்டும் கேட்கிற ஒரு ஆள் போதும். வசனம் எத்தனை அதிகாரம் என்று அவர் கேட்கவே வேண்டாம்.

கடைசியாக, அம்மாவின் கேள்வி. ஒவ்வொரு தடவை செத்துப் போயாச்சு என்று சொல்லும்போதும் அவர் அதை முதல் தடவையாகக் கேட்கிறார், முதல் தடவையாக விதவையாகிறார். அதனால் அதைச் சொல்லாதீர்கள். அப்படியானால் பொய் சொல்ல வேண்டுமா என்று உங்களைப் போன்ற ஆளுக்கு உடனே உறுத்தும். வேண்டாம். ‘வந்துகொண்டே இருக்கிறார்’ என்று சொல்லத் தேவையில்லை. அவர் கேட்பது நேரத்தை இல்லை, அந்த மனிதரை. “அப்பாவத் தேடுதாம்மா?” என்று கேளுங்கள். “வரும்போது உங்களுக்கு என்ன வாங்கிட்டு வருவாங்க?” என்று கேளுங்கள். தெரிந்தால் சொல்வார். நீங்கள் பிறக்கும் முன்னால் நடந்த ஏதாவது ஒன்றைக்கூடச் சொல்வார். பத்து நிமிடத்தில் மறுபடியும், “அவுக வந்தாச்சா?” என்பார். நீங்களும் மறுபடி கேளுங்கள்.

மகள் அந்த வாசலில் வந்து நின்றால், பக்கத்தில் உட்கார இடம் விடுங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள், உங்கள் மனைவி எப்படி இருக்கிறார் என்பதையும்.